உலக உரிமைப் பிரகடனமும் இரண்டு மௌனங்களும்

1948ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள், நள்ளிரவு நெருங்கும் வேளையில், பாரிஸ் நகரின் ஷாயோ மாளிகையில் கூடியிருந்த ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை உலக மனித உரிமைப் பிரகடனத்தின்மீது வாக்கெடுத்தது. அன்று பேரவையின் உறுப்பு நாடுகள் 58. ஆதரித்தவை 48, எதிர்த்தது எதுவுமில்லை. எட்டு நாடுகள் வாக்களியாது ஒதுங்கின, இரண்டு வரவேயில்லை. ஒதுங்கியவற்றின் பட்டியல் கூர்ந்து நோக்கத்தக்கது. சோவியத் ஒன்றியம், உக்ரைன், பைலோரஷ்யா, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, அவ்வாண்டிலேயே மாஸ்கோவின் சினத்துக்கு ஆளாகி விலக்கப்பட்டிருந்த யூகோஸ்லாவியா ஆகிய ஆறும் பொதுவுடைமை அரசுகள். ஏழாவது சவூதி அரேபியா. எட்டாவது, அவ்வாண்டு மே மாதத்தில்தான் நிறவெறிக் கொள்கையை முன்வைத்த கட்சியை ஆட்சியில் அமர்த்திய தென்னாப்பிரிக்கா. வர்க்கம், சமயம், நிறம் ஆகிய மூன்றன் பெயராலும் தயக்கம் காட்டப்பட்டதெனினும், எதிர்த்துக் கை தூக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

அந்நாளைய உலகம் ஒற்றுமைக்கு உகந்த உலகமன்று. பெர்லின் நகரம் முற்றுகையில் இருந்தது. பாலஸ்தீனத்தில் போர் ஓயவில்லை. காஷ்மீரில் இந்தியாவும் பாகிஸ்தானும் பொருதுகொண்டிருந்தன. இத்தகைய காலத்தில், கடவுளை நம்பியவரும் நம்பாதவரும், தனிமனிதனைப் போற்றியவரும் சமூகத்தை முதன்மையாகக் கொண்டவரும் முப்பது பிரிவுகள் கொண்ட ஓர் ஏட்டில் எவ்வாறு ஒத்துப்போயினர்? இவ்வினாவுக்கு இருவகை விடைகள் வழக்கில் உள. மேலைநாட்டார் தம் தத்துவத்தை உலகின் தலையில் ஏற்றினர் என்பது ஒன்று. போரின் கொடுமை கண்டு மனிதகுலத்தின் மனச்சாட்சி ஒருங்கே விழித்தது என்பது மற்றொன்று. அக்காலக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளை வாசிப்போர் இரண்டனையும் ஏற்பது கடினம். அங்கே காணப்படுவது நெடிய வாதம். அதனூடே இரண்டு மௌனங்கள்.

முதல் மௌனத்தின் கதை யுனெஸ்கோ நிறுவனத்தில் தொடங்குகிறது. 1947இல் அந்நிறுவனம், உரிமைகளுக்குரிய தத்துவ அடிப்படை யாது என்னும் வினாப்பட்டியல் ஒன்றைப் பல நாட்டு அறிஞர்க்கு அனுப்பிற்று. இத்தாலியத் தத்துவ அறிஞர் பெனடெட்டோ குரோச்சே, ஆங்கில எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி, சீன அறிஞர் லோ சுங்-ஷு, இந்தியாவிலிருந்து ஹுமாயூன் கபீர், எஸ்.வி. புண்டாம்பேகர் முதலியோர் விடை எழுதினர். காந்தியடிகள் யுனெஸ்கோவின் தலைவர் ஜூலியன் ஹக்ஸ்லிக்கு மே மாதத்தில் ஒரு சிறு கடிதமே எழுதினார். எழுத்தறியாத் தம் தாயிடம் கற்றதாக அவர் கூறியது இவ்வளவே: கடமையை நன்கு ஆற்றுவதிலிருந்தே உரிமை பிறக்கிறது, உலகக் குடியுரிமைக்கும் அதுவே வழி. வினாப்பட்டியல் முழுவதையும் ஒரே வாக்கியத்தில் ஒதுக்கிவிட்ட விடை அது.

லோ சுங்-ஷுவின் விடை வேறு வகையில் சுவையானது. உரிமை என்னும் சொல் சீனமொழிக்கு அண்மையில் ஜப்பானிய வழியாக வந்தது. ஆயினும் கொடுங்கோலனை எதிர்த்து எழும் உரிமையைச் சீனச் சிந்தனை மிகப் பழங்காலத்திலேயே ஏற்றிருந்தது என்றார் அவர். சொல் இல்லாமையைப் பொருள் இல்லாமையாகக் கொள்ளுதல் பிழை என்பது இதன் உட்கிடை. தமிழ் மேடைகளிலும் இத்தகைய பேச்சு வந்தவுடன் கணியன் பூங்குன்றனாரை அழைப்பது மரபாகிவிட்டது. யுனெஸ்கோவின் கோப்பில் ஒவ்வொரு நாட்டினரும் தத்தம் பூங்குன்றனாரை அழைத்திருந்தனர் எனலாம்.

அவ்வாறு அழைப்பதில் ஓர் இடரும் உண்டு. புண்டாம்பேகர் தம் கட்டுரையில் இந்துச் சிந்தனையின் உரிமைக் கருத்துகளுக்கு மனுவையும் புத்தரையும் ஒருசேர முன்னோராகக் காட்டினார். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1927 டிசம்பர் 25ஆம் நாள், மகாடு நகரில் அம்பேத்கர் தலைமையில் கூடிய மக்கள் மனுநூலை எரித்திருந்தனர். ஒரு நாட்டின் மரபு ஒரே குரலில் பேசுவதில்லை. மரபின் பெயரால் உலக அவையில் பேச எழுபவர் யார், அம்மரபினால் மிதிபட்டோர்க்கு அங்கே இருக்கை உண்டா என்ற கேள்வி பன்மைத்துவம் பேசுவோர் பலராலும் எழுப்பப்படாது விடப்படுகிறது. 1947இல் அமெரிக்க மானிடவியல் கழகத்தின் பெயரால் மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் பெரும்பாலும் வரைந்தளித்த அறிக்கையும் இவ்விடத்தில்தான் இடறிற்று. ஒவ்வொரு பண்பாட்டுக்கும் அதற்குரிய மதிப்பீடுகள் உள, மேலைநாட்டு அளவுகோலை உலக அளவுகோல் ஆக்கலாகாது என அவ்வறிக்கை எச்சரித்தது. குடியேற்ற ஆதிக்கத்தைக் கண்டு வருந்திய நன்னெஞ்சின் குரல் அது. ஆயின், ஒரு பண்பாட்டுக்குள்ளேயே அடிமைப்பட்டவன் எந்த அளவுகோலைக் கொண்டு முறையிடுவான் என்பதற்கு அவ்வறிக்கையில் தெளிவான விடையில்லை.

யுனெஸ்கோவின் ஆய்வுக்குழு, எதிரெதிர்க் கொள்கையினரும் உரிமைகளின் பட்டியலில் பெரிதும் ஒத்துப்போகின்றனர் எனக் கண்டது. 1947 நவம்பரில் மெக்சிகோ நகரில் கூடிய யுனெஸ்கோ மாநாட்டுக்குப் பிரெஞ்சுக் குழுவின் தலைவராய்ச் சென்ற ழாக் மாரித்தேன் இதனை ஒரு நகைச்சுவைக் கதையாகவே சொல்லி வந்தார். நேர்மாறான கொள்கையுடையோர் எங்ஙனம் ஒரே பட்டியலை ஒப்பினர் என ஒருவர் வியந்தபோது, ஏன் என்று எவரும் கேளாதிருக்கும்வரை ஒப்புகிறோம் என அவர்கள் விடையிறுத்தனராம். கத்தோலிக்கராகிய மாரித்தேனுக்கு அந்த 'ஏன்' முக்கியமே. தம்மளவில் அதற்கு உறுதியான விடையும் அவரிடம் இருந்தது. எனினும் செயலில் உடன்பாடு காண விழைவோர் காரணத்தில் உடன்பாடு வரும்வரை காத்திருக்கலாகாது என்பதே அவர் கண்ட முடிவு. சுவைக்கத்தக்க முரண் ஒன்றும் இங்குண்டு. இத்துணை உழைப்பில் உருவான அவ்வறிக்கையை மனித உரிமை ஆணையம் வரவேற்கவில்லை. தம்மைக் கலக்காது தம் பணியில் புகுந்ததாகக் கருதி ஒதுக்கி வைத்தது. 1949இல் நூலாக வெளிவந்தபோது பிரகடனம் நிறைவேறி விட்டிருந்தது.

ஆணையத்துக்குள்ளும் தத்துவர்கள் இருந்தனர். 1947 ஜனவரியில் நியூயார்க் அருகே லேக் சக்ஸஸ் என்னுமிடத்தில், போர்க்காலத்தில் படைக்கலத் துணைக்கருவிகள் செய்த ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தில், 18 உறுப்பினர் கொண்ட ஆணையம் முதன்முறை கூடிற்று. தலைவர் எலினார் ரூஸ்வெல்ட். துணைத்தலைவர் சீனாவின் பெங்-சுன் சாங். செய்தியாளர் பொறுப்பு லெபனானின் சார்ல்ஸ் மாலிக்கினுடையது. சாங் நாடகாசிரியர், கல்வியாளர், அமெரிக்காவின் கொலம்பியாவில் பயின்றவர், கன்பூசிய மரபில் தோய்ந்தவர். மாலிக் கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்த கிறித்தவர். ஹார்வர்டில் வைட்ஹெட்டிடமும் ஜெர்மனியில் ஹைடெக்கரிடமும் தத்துவம் கற்றவர். இருவரையும், செயலகத்தின் சார்பில் முதல் வரைவை எழுதவிருந்த கனடிய சட்டப் பேராசிரியர் ஜான் ஹம்ஃப்ரியையும் பிப்ரவரியில் ரூஸ்வெல்ட் அம்மையார் தம் இல்லத்துக்குத் தேநீருக்கு அழைத்தார். மாலிக் புனித தாமஸ் அக்குவினாஸின் மெய்யியலை விளக்கத் தொடங்க, சாங், மேலைத் தத்துவம் ஒன்றே தத்துவமன்று என மறுத்து, ஹம்ஃப்ரி தம் அலுவலை ஆறு திங்கள் நிறுத்திவைத்துக் கன்பூசியஸைப் பயின்றபின் எழுத வருவதே நன்று என்றாராம். அம்மையார் தம் நினைவுக் குறிப்புகளில் இதனை எழுதி வைத்திருக்கிறார். ஹம்ஃப்ரி கன்பூசியஸைப் பயிலச் செல்லவில்லை. உலக நாடுகளின் அரசமைப்புகளையும், குறிப்பாக இலத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த வரைவுகளையும் திரட்டி 48 பிரிவுகள் கொண்ட முன்வரைவை ஆக்கினார். பிரான்சின் ரெனே காசேன் அதற்கு ஒழுங்கான உருவம் தந்தார்.

சாங்கின் பங்கை ஒரு சொல்லில் காணலாம். மனிதன் பகுத்தறிவு உடையவன் என்று மட்டும் எழுதியிருந்த முதற்பிரிவின் வரைவை அவர் போதாதென்றார். சீன மொழியில் 'ரென்' என்றொரு சொல் உண்டு. மனிதனைக் குறிக்கும் வடிவமும் இரண்டைக் குறிக்கும் வடிவமும் சேர்ந்த எழுத்து அது. தன்னெதிரே மற்றொருவன் இருக்கிறான் என்னும் உணர்வே மனிதத்தன்மை என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் அதற்கு நேர்ச்சொல் கிட்டாமல் 'மனச்சாட்சி' எனப் பொருள்படும் சொல்லைப் பெய்தனர். மனச்சாட்சி தனியொருவன் உள்ளத்துக்குள் ஒலிப்பது. சாங் குறித்ததோ இருவர்க்கிடையே நிகழ்வது. திருக்குறளில் 'கண்ணோட்டம்' என ஓர் அதிகாரத்துக்குத் தலைப்பான சொல் சாங்கின் கருத்துக்கு இன்னும் அணுக்கமானது எனத் தோன்றுகிறது.

1948 இலையுதிர் காலத்தில் பாரிசில் மாலிக்கின் தலைமையில் கூடிய மூன்றாம் குழு 81 அமர்வுகள் இருந்து வரைவைச் சொல் சொல்லாக ஆராய்ந்தது. மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் என முதற்பிரிவில் சேர்க்குமாறு பிரேசில் வேண்டிற்று. உலக மாந்தருள் பெருந்தொகையினரான சீன மக்களின் மரபு வேறு, அதனை உலகின்மீது சுமத்தத் தாம் முனையவில்லை, அவ்வாறே பிறரும் தம் இறையியலைச் சுமத்தலாகாது என்றார் சாங். பிரேசில் தன் திருத்தத்தைத் திரும்பப் பெற்றது. உரிமைகள் 'இயற்கையால்' அமைந்தவை என்ற தொடரும் நீக்கப்பட்டது. நம்புவோர் அவ்விடத்தில் கடவுளை வைத்து வாசிக்கலாம். நம்பாதோர் வேறொன்றை வைக்கலாம்.

இதுவே முதல் மௌனம். இதனைச் சமரசம் என இகழ்வோர் உளர். உண்மையில் மதிக்கத்தக்க மௌனம் இதுவேயாம். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக்குள்ளிருந்து தத்தம் வாயில் வழியே வந்து சேரத்தக்க முற்றம் ஒன்றை அது வெற்றிடமாக விட்டது. அந்த வெற்றிடத்தை எவரேனும் ஒருவரின் தத்துவத்தால் நிரப்பியிருப்பின், எஞ்சியோர் வெளியிலேயே நின்றிருப்பர்.

மேலைநாட்டுச் சரக்கு என்னும் பழியும் குறிப்புகளை வாசிக்கும்போது தளர்கிறது. 'எல்லா ஆண்களும்' என்றும் 'எல்லா மனிதரும்' என்றும் இருபொருள்படும் ஆங்கிலச் சொல் முதற்பிரிவில் இருக்கலாகாது என வாதாடியவர் இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா. அச்சொல் எல்லோரையும் குறிக்கும் என்பது வழக்கு எனத் தொடக்கத்தில் ரூஸ்வெல்ட் அம்மையாரே கருதினார். வழக்கை நம்பிப் பெண்கள் ஏமாந்த வரலாற்றை மேத்தா அறிவார். இந்திய அரசமைப்பு அவையிலும் உறுப்பினராக இருந்த அவர் விடவில்லை. 'மனிதப் பிறவிகள்' எனப் பொருள்படும் தொடர் நின்றது. திருமணத்தில் ஆண் பெண் இருவர்க்கும் சம உரிமை என்ற 16ஆம் பிரிவைப் பாகிஸ்தானின் பேகம் ஷாயிஸ்தா இக்ரமுல்லா, குழந்தை மணத்தையும் இசைவற்ற மணத்தையும் தடுக்கும் அரணாக ஆதரித்தார். உணவு, வேலை, சமூகப் பாதுகாப்பு ஆகியவற்றுக்காகச் சிலி நாட்டின் ஹெர்னான் சாந்தா குரூஸ் ஓயாது போராடினார். இந்தியாவின் லட்சுமி மேனன் உரிமைகள் குடியேற்ற நாட்டு மக்களுக்கும் ஒப்ப உரியன என்றார். ஏட்டை விரித்தவர்களில் மிகப் பலர் சிறிய நாட்டவர், அண்மையில் விடுதலை பெற்றவர், பெண்கள்.

சமயத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையைக் கூறும் 18ஆம் பிரிவின்மீது நடந்த வாதம் தனியே எண்ணத்தக்கது. அதற்காக முன்னின்றவர் லெபனான் கிறித்தவர் மாலிக். அதனை எதிர்த்துச் சவூதி அரேபியாவுக்காகப் பேசிய ஜமீல் பரூடியும் லெபனானில் பிறந்த கிறித்தவரே! பொதுப்பேரவையில் பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சர் ஸஃபருல்லா கான் எழுந்து, இஸ்லாம் பிறரைத் தன்பால் அழைக்கும் சமயம், அழைக்கும் உரிமையை வேண்டுவோர் மாறும் உரிமையை மறுக்கவியலாது என்ற கருத்துப்படத் திருமறையைச் சான்றாக்கிப் பேசினார். எகிப்து, சிரியா, ஈராக், ஈரான், துருக்கி, ஆப்கானிஸ்தான் ஆகியனவும் ஆதரித்தே வாக்களித்தன. ஸஃபருல்லா கான் அகமதியா பிரிவினர். 1953இல் அவரைப் பதவி நீக்கக் கோரி லாகூரில் கலவரம் மூண்டது. 1974இல் பாகிஸ்தானின் அரசமைப்புத் திருத்தம் அகமதியரை முஸ்லிம் அல்லாதார் என்றாக்கியது. 18ஆம் பிரிவுக்குத் திருமறையிலிருந்து வாதாடியவரின் இனத்தார்க்கே அப்பிரிவின் காவல் கிட்டவில்லை.

இனி இரண்டாம் மௌனம். உரிமை ஏன் என்பதில் காத்த மௌனம் வேறு. உரிமை பறிக்கப்பட்டால் யாரிடம் முறையிடுவது என்பதில் காத்த மௌனம் வேறு. பின்னதைக் காத்தவர் தத்துவர் அல்லர், அரசுகள்.

இதன் வேர் 1945இல் சான் பிரான்சிஸ்கோவில் உள்ளது. ஐ.நா. சாசனத்தின் முகவுரையில் அடிப்படை மனித உரிமை என்னும் தொடர் புக முதற்காரணராய் இருந்தவர் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஜான் ஸ்மட்ஸ். அடுத்த ஆண்டே அவருடைய அரசு இந்தியர் நிலம் வாங்குவதையும் குடியிருப்பதையும் எல்லை கட்டும் சட்டத்தை இயற்றிற்று. 1860இல் சென்னையிலிருந்து டர்பன் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பல் தொடங்கி ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற தமிழரின் வழிவந்தோர் அச்சட்டத்தால் தாக்குண்டோருள் ஒரு பெரும் பகுதியினர். விஜயலட்சுமி பண்டிட் தலைமையில் இந்தியக் குழு இவ்வழக்கைப் பொதுப்பேரவைக்குக் கொணர்ந்தது. இது எம் உள்நாட்டு விவகாரம் என ஸ்மட்ஸ் சாசனத்தையே காட்டி வாதிட்டார். 1946 டிசம்பர் 8ஆம் நாள் 32 வாக்குகள் ஆதரவாகவும் 15 எதிராகவும் விழ, தீர்மானம் நிறைவேறியது. ஓர் அரசு தன் குடிகளை நடத்தும் முறை உலகின் வினாவாகலாம் என்பது அன்று முதன்முறையாக வாக்கினால் நிறுவப்பட்டது.

மனித உரிமை ஆணையத்தை நிறுவிய பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவராக 1946 ஜனவரியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் நீதிக்கட்சியின் முன்னணித் தலைவருள் ஒருவரான ஆற்காடு இராமசாமி முதலியார் என்பதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. விடுதலை பெறாத நாட்டின் பிரதிநிதி ஒருவர் உலக உரிமை ஆணையத்தைப் பெற்றெடுத்த மன்றத்துக்குத் தலைமை தாங்கினார். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்துக்காக வாதாடிய இயக்கத்திலிருந்து சென்றவர் அவர்.

ஆணையத்துக்கு உலகெங்கிலுமிருந்து முறையீடுகள் வந்து குவிந்தன. 1947 அக்டோபரில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் சார்பில் டு பாய்ஸ் தொகுத்த நீண்ட மனு ஐ.நா. செயலகத்தில் அளிக்கப்பட்டது. இத்தகைய முயற்சிகளைக் கடல் கடந்து கவனித்துவந்த அம்பேத்கர், 1946இலேயே டு பாய்ஸுக்கு எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் படியைக் கேட்டிருந்தார். தீண்டப்படாதோர் நிலைக்கும் கறுப்பினத்தார் நிலைக்கும் உள்ள ஒப்புமையே அவர் கூறிய காரணம். ஆணையமோ, முறையீடுகளின்மீது எந்நடவடிக்கையும் எடுக்கும் அதிகாரம் தனக்கில்லை என 1947இல் தானே அறிவித்துக்கொண்டது. அமெரிக்காவுக்குக் கறுப்பினத்தார் வழக்கு, பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் குடியேற்ற நாடுகள், சோவியத்துக்குச் சிறைமுகாம்கள். தேநீர் மேசையில் கன்பூசியஸுக்கும் அக்குவினாஸுக்கும் இடையே தோன்றிய வேறுபாடு இவ்விடத்தில் வல்லரசுகளிடையே தோன்றவில்லை. அவை முழு உடன்பாட்டில் இருந்தன.

பிரகடனம் சட்டக் கட்டுப்பாடற்ற அறிக்கையாயிற்று. சிறுபான்மையினர் உரிமை அதிலிருந்து விடப்பட்டு, தனித் தீர்மானமொன்றில் பின்னர் ஆராயப்படும் எனத் தள்ளப்பட்டது. குடியேற்ற நாட்டு மக்களைக் குறித்துத் தனிப் பிரிவாக நின்றதைப் பிரிட்டன் இறுதி நாளில் கொணர்ந்த திருத்தம் இரண்டாம் பிரிவின் ஒரு பத்தியாக ஒடுக்கிற்று. மக்களாட்சி பற்றிய 21ஆம் பிரிவு, மக்களின் விருப்பமே அரசதிகாரத்துக்கு அடிப்படை என அழகாக மொழிகிறது. உலகில் பாதியை மக்களின் விருப்பம் கேளாது ஆண்டுகொண்டிருந்த நாடுகளும் அதற்கு வாக்களித்தன. ஒரு கட்சியா, பல கட்சிகளா என்பதில் அப்பிரிவு வாய் திறக்கவில்லை. 'மக்களாட்சி' என்னும் சொல்லின் அடை வடிவம் ஏடு முழுவதிலும் 29ஆம் பிரிவில் ஒருமுறையே வருகிறது.

இம்மௌனத்தின் விலை யாதென்பதற்கு 15ஆம் பிரிவே போதுமான சான்று. 1947 டிசம்பரில் ஜெனீவாவில் ஆன வரைவில், எல்லோர்க்கும் குடியுரிமை பெறும் உரிமை உண்டு என்பதோடு, எவ்வரசின் காவலும் இல்லாதோர் ஐ.நா.வின் காவலில் வைக்கப்படுவர் என்றும் இருந்தது. பின்னைய வாக்கியம் இறுதியில் நிலைக்கவில்லை. உரிமை எஞ்சிற்று, அதனை யார் தருவது என்பது போயிற்று. பாரிசில் இவ்வாதம் நடந்துகொண்டிருந்த 1948 நவம்பர் 15ஆம் நாளிலேயே இலங்கையின் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர், ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர், அதனால் நாடற்றோராயினர். இலங்கை அப்போது ஐ.நா. உறுப்பினருமன்று, அதன் விண்ணப்பத்தைச் சோவியத் ஒன்றியம் தடுத்திருந்தது, 1955இல்தான் இடம் கிடைத்தது. 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை ஒரு நாட்டுக்கும் 3,00,000 பேரை மற்றொன்றுக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசிக்கொள்ள விடப்பட்டது. பங்கிடப்பட்டோரை எவரும் கேட்கவில்லை. இறுதிச் சட்டம் வர 2003 ஆயிற்று. ஐரோப்பாவில் தாமே நாடற்றவராய் அலைந்து 1951இல் அமெரிக்கக் குடிமையேற்ற ஹன்னா அரெண்ட், உரிமைகளைப் பெறுவதற்கே ஓர் உரிமை வேண்டும் என அவ்வாண்டு வெளியான தம் நூலில் எழுதியது, தேயிலைத் தோட்டத்து லயன் அறைகளுக்கும் சொல்லுக்குச் சொல் பொருந்தும்.

அரை நூற்றாண்டுக்குப் பின் தத்துவ உலகம் இதே ஏட்டுக்குத் திரும்பிற்று. அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் 1993இல் ஆற்றிய உரையையும், 1999இல் அதனை விரித்தெழுதிய 'மக்களினங்களின் சட்டம்' என்னும் நூலையும் எடுத்துக்கொள்ளலாம். மக்களாட்சி இல்லாத, ஆயினும் கொடுமை செய்யாத, குடிகளைக் கலந்தாலோசிக்கும் கற்பனை நாடொன்றை அவர் படைத்தார். கசானிஸ்தான் என்பது அதன் பெயர். அத்தகைய நாட்டைச் சமமாக மதிப்பதே பன்மைத்துவம் என்பது அவர் வாதம். பிரகடனத்தின் 3 முதல் 18 வரையிலான பிரிவுகளே முறையாக மனித உரிமைகள் எனத்தக்கன என ஓர் அடிக்குறிப்பில் வரையறுத்தார். 21ஆம் பிரிவு அவ்வெல்லைக்கு வெளியே நின்றுவிட்டது. நாடுகளுக்கிடையே செல்வத்தைப் பங்கிடும் நீதிக்கும் அவர் தம் கொள்கையில் இடமளிக்கவில்லை. நலிந்த நாடுகளுக்கு உதவும் கடமையோடு நிறுத்திக்கொண்டார். அவருடைய மாணவர் தாமஸ் போகே, எவரும் அதிகம் பேசாத 28ஆம் பிரிவைப் பற்றிக்கொண்டார். எல்லா உரிமைகளும் நிறைவேறத்தக்க சமூக, சர்வதேச ஒழுங்குக்கு ஒவ்வொருவரும் உரியர் என்னும் அப்பிரிவின் வழி, வறுமையை உண்டாக்கும் உலக வணிக, கடன் முறைகளை அமைத்தோரே வறியோரின் உரிமையைப் பறித்தோராவர் என 2002இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். இருவருள் போகேயின் கட்சியே 1948இன் உள்ளத்துக்கு நெருக்கமானது. ரால்ஸின் கசானிஸ்தானில் கலந்தாலோசிக்கப்படுவோர் குழுக்கள். அக்குழுவுக்குள் ஒரு ஹன்சா மேத்தா எழுந்தால் என்னாகும் என்பது அவர் படைப்பில் தெளிவாகவில்லை.

ஆட்சியாளர்களும் இக்காலத்தில் தத்துவம் பேசினர். 1993 வசந்தத்தில் பாங்காக்கில் கூடிய ஆசிய அரசுகள், உரிமைகள் உலகப் பொதுவாயினும் வட்டாரத் தனித்தன்மைகளையும் பண்பாட்டுப் பின்னணிகளையும் கருத வேண்டும், உள்நாட்டு விவகாரத்தில் தலையிடலாகாது என அறிவித்தன. அதே நகரில் சில நாள் முன்னர்க் கூடிய நூற்றுக்கும் மேற்பட்ட ஆசியத் தன்னார்வ அமைப்புகளோ, பண்பாட்டின் பெயரால் உரிமை மறுப்பதை ஏற்கவியலாது என்றன. ஆசியாவின் குரல் எது? சிங்கப்பூரின் லீ குவான் யூ முன்வைத்த ஆசிய மதிப்பீடுகளுக்கு அமர்த்தியா சென் 1997இல் விடை எழுதினார். அசோகரும் அக்பரும் ஆசியரே. பணிவும் கட்டுப்பாடும் மட்டுமே ஆசியா என்பது ஆள்வோர்க்கு வசதியான வரலாறு என்பது அதன் சாரம். உள்நாட்டு விவகாரம் என்னும் சொல் ஸ்மட்ஸின் வாயிலிருந்து பாங்காக் வரை வந்து சேர்ந்த பயணம் வியப்புக்குரியது. 1946இல் அச்சொல்லை எதிர்த்து வென்ற இந்தியாவும் 1993இல் பாங்காக் அறிவிப்பை ஏற்ற நாடுகளுள் இருந்தது.

முறையீட்டுக்கு ஒரு வழி மெல்லப் பிறந்தது. 1966 டிசம்பர் 16ஆம் நாள் இரு உடன்படிக்கைகளும், அவற்றுள் குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையோடு ஒரு விருப்ப ஒப்பந்தமும் ஏற்கப்பட்டு, 1976இல் நடைமுறைக்கு வந்தன. அவ்விருப்ப ஒப்பந்தத்தில் சேர்ந்த நாட்டின் தனிமனிதர், உள்நாட்டு வழிகள் அடைபட்டபின், ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் நேரே முறையிடலாம். இந்தியா 1979இல் உடன்படிக்கைகளை ஏற்றது; விருப்ப ஒப்பந்தத்தில் இன்றுவரை சேரவில்லை. இலங்கை 1997இல் சேர்ந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ், தாம் வாசிக்கவியலாத சிங்களத்தில் தட்டெழுதப்பட்ட வாக்குமூலம் ஒன்றில் கைநாட்டு வைத்தவராய்ச் சிறைப்பட்ட தமிழர் ஒருவர் அக்குழுவிடம் முறையிட்டார். வாக்குமூலம் வற்புறுத்திப் பெறப்பட்டதன்று என அரசு மெய்ப்பிக்க வேண்டியிருக்க, வற்புறுத்தப்பட்டதாகக் கைதியே மெய்ப்பிக்க வேண்டும் என விதித்தது உடன்படிக்கைக்கு மாறானது எனக் குழு 2004இல் முடிவு கூறிற்று. அதனைக் கொண்டு அவர் தம் நாட்டு உச்ச நீதிமன்றத்தை அணுகினார். நாடாளுமன்றம் சட்டம் இயற்றாதிருக்க, குடியரசுத் தலைவர் விருப்ப ஒப்பந்தத்தில் சேர்ந்ததே அரசமைப்புக்கு முரண், உள்நாட்டில் அதற்குச் சட்ட வலுவில்லை என 2006 செப்டம்பரில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருடைய 35 ஆண்டுச் சிறைத்தண்டனை மாற்றமின்றித் தொடர்ந்தது.